மூடியில் வைத்த மாத்திரை

ஜனவரி 27, திங்கள்

உணவுக்குழாயில் புற்றுநோய். எழுதிப் பார்த்தால் பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

ஆரம்ப நிலைதானாம். ரத்தசோகைக்குக் காரணம் தேடி வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டிருக்கிறது. "அதிர்ஷ்டக்காரர் சார் நீங்க" என்றார் டாக்டர். ஐம்பத்துமூன்று வருடத்தில் என்னை அதிர்ஷ்டக்காரன் என்று சொன்ன முதல் ஆள். அதற்கும் ஒரு புற்றுநோய் தேவைப்பட்டிருக்கிறது.

கொதிக்கக் கொதிக்கக் காபி குடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் ஆவுடை முந்திக்கொண்டாள். "டம்ளரைத் தொட்டா நமக்குக் கை பொத்துரும் டாக்டர். அதை மடக்கு மடக்குன்னு குடிப்பாங்க. நான் சொல்லிப் பாத்துட்டேன்."

சொன்னது டாக்டரிடம். என் மனைவி என்னிடம் பேசிப் பதினான்கு மாதம் ஆகிறது. நான் அவளிடம் பேசியும்.

காரணத்தை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது. வேதியியல் துறைத்தலைவர் பதவி எனக்கு வரவேண்டியது. என்னைவிட நான்கு வருடம் இளையவனான வேலாயுதப்பெருமாளுக்குப் போயிற்று. அவன் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு இந்த வீட்டிலிருந்து யாரும் போகக்கூடாது என்றேன். அவள் போனாள். தாம்பூலப் பையோடு திரும்பி வந்து, பையை என் மேஜைமேல் வைத்தாள்.

அன்றோடு நின்றது பேச்சு. வீட்டில் சொல்லவேண்டியது ஏதாவது இருந்தால் அவள் காலண்டரில் கிழித்த தேதித்தாளின் பின்பக்கம் எழுதி வைப்பாள். 'கேஸ் தீர்ந்தது.' 'சிதம்பரம் போன் செய்தான்.' சிதம்பரம் எங்கள் மகன், பூனாவில் இருக்கிறான். நான் படித்துக்கொள்வேன். பதில் எழுதியதில்லை. முதலில் எழுதுகிறவன் தோற்றவன்.

பிப்ரவரி 3, திங்கள்

மதுரை. பெரிய ஆஸ்பத்திரி. அறுவையைச் செய்யப்போகிற டாக்டர் இளமாறனுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ஜப்பானில் போய்க் கற்றுக்கொண்டு வந்தவராம். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கவேண்டிய முகம்.

"வயித்தைக் கிழிக்க வேண்டாம் சார். வாய் வழியாவே போயிருவோம். பூரி உப்பும்ல, அது மாதிரி அந்த இடத்துத் தோலுக்கு அடியில மருந்தைச் செலுத்தி உப்ப வச்சு, கத்தியால சுத்தி வெட்டி உரிச்சு எடுத்துருவேன்."

"ஓட்டை விழுந்தால்?" என்றேன்.

"விழலாம் சார். நூத்துல ரெண்டு மூணு பேருக்கு. ரத்தமும் கசியலாம். அதுக்குத்தான் முன்கூட்டியே ஒண்ணு சொல்லணும்." என் மாத்திரைப் பட்டைகளைப் பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தபிறகு தினமும் நான்கு விழுங்குகிறேன். "இந்த ரோஸ் மாத்திரை ரத்தத்தை உறையவிடாது. உங்க ஹார்ட் டாக்டர்கிட்டப் பேசிட்டேன். மத்த மூணும் இருக்கட்டும். இதை மட்டும் எட்டாம் தேதில இருந்து நிறுத்திரணும். வீட்டம்மா எங்க?"

எக்ஸ்ரே வாங்கப் போயிருந்தாள்.

"அவங்ககிட்ட மறக்காமச் சொல்லிருங்க" என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 'பிப். 8 முதல் ரோஸ் மாத்திரை வேண்டாம்.' சீட்டை இந்தப் பக்கத்தில் செருகியிருக்கிறேன்.

பதின்மூன்றாம் தேதி அறுவை. திரும்பும் வழியில் பஸ்ஸில் ஆவுடை எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள். கோவில்பட்டி வரை என் தொண்டையில் ஏதோ நிற்பதுபோலவே இருந்தது. எச்சில் விழுங்கும் சத்தம் எனக்கே கேட்கிறது.

பிப்ரவரி 5, புதன்

செய்முறைத் தேர்வு. ஒருவனுக்கும் பிப்பெட்டைப் பிடிக்கத் தெரியவில்லை. மாடித் தொட்டி கழுவியாயிற்று.

பிப்ரவரி 8, சனி

காலையில் எவர்சில்வர் மூடியில் நான்கு மாத்திரைகள். ரோஸும் இருந்தது.

மாத்திரைகளை மூடியில் எடுத்து வைப்பது அவள் வேலை. நான் விழுங்கும் வரை அடுக்களை நிலையில் நின்று பார்ப்பது இன்னொரு வேலை. ஸ்டென்ட் வைத்த புதிதில் இரண்டு நாள் போடாமல் விட்டேன் என்று ஆரம்பித்த காவல். பேச்சு நின்றது, காவல் நிற்கவில்லை.

ஒன்றை மட்டும் மூடியில் மிச்சம் வைத்தால் ஏன் என்று விளக்கவேண்டும். விளக்குவது என்றால் பேசவேண்டும், இல்லை எழுதவேண்டும். தவிர, அதை நிறுத்தி இதயம் அடைத்துக்கொண்டால்? இந்தப் பையன் வந்தா பார்ப்பான்?

ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது. விழுங்கினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

விழுங்கினேன். கேட்டால் சொல்லலாம் என்று சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

விடுப்புக் கடிதம். அதில் வேலாயுதப்பெருமாள் கையெழுத்துப் போடவேண்டும். "ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி, தைரியமாப் போயிட்டு வாங்க" என்று என் கையைப் பிடித்தான். கையை உருவிக்கொண்டேன். காலை மாத்திரை ஆயிற்று.

பிப்ரவரி 11, செவ்வாய்

விழுங்கினேன்.

பிப்ரவரி 12, புதன்

மதுரையில் சேர்த்தாயிற்று. ஆவுடை பையில் மாற்றுத்துணி, பிளாஸ்க், மாத்திரைப் பட்டைகள், அந்த மூடி. மூடியைக்கூட விடவில்லை.

மாலையில் இளமாறன் வந்தார். ஆவுடை கேன்டீனுக்குப் போயிருந்தாள்.

"அந்த மாத்திரை நிறுத்திட்டீங்கல்ல சார்?"

தலையசைத்தேன். இல்லை என்றால் ஒரு வாரம் தள்ளிப்போடுவார்கள். இந்த பயத்தோடு இன்னும் ஒரு வாரம் என்னால் முடியாது.

பிப்ரவரி 13, வியாழன்

காலை ஆறு மணி. வெறும் வயிறு, மாத்திரைக்கு மட்டும் ஒரு மிடறு தண்ணீர். மூடியில் நான்கு. விழுங்கினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது.

வெட்டும்போது ரத்தம் கொட்டியிருக்கிறது. நிற்கவில்லை. கேமராவில் சிவப்பைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லையாம். கசியும் இடத்தைத் தேடிச் சுட்டபோது குழாயின் சுவரில் ஓட்டை. உள்ளே செலுத்திய காற்று ஓட்டை வழியாக நெஞ்சுக்கும் கழுத்துக்கும் ஏறிவிட்டது. ஓட்டையைச் சிறு உலோகக் கவ்விகளால் மூடியிருக்கிறார்கள். அது பிடித்துக்கொள்ளாவிட்டால் நெஞ்சைத் திறக்கவேண்டும்.

என் கழுத்து தாடையோடு சேர்ந்து ஒரே தூணாக இருக்கிறது. விரலால் அழுத்தினால் தோலுக்கு அடியில் நொறுநொறுவென்று சத்தம். மூக்கில் ஒரு குழாய். கையில் இரண்டு. தண்ணீர் கிடையாது. எச்சிலைக்கூட விழுங்காமல் துப்பவேண்டும். இருமக்கூடாது. பேசக்கூடாது.

கண் விழித்தபோது தலைமாட்டில் ஆவுடை.

"பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "உங்களுக்கு அது ஒண்ணும் புதுசு இல்ல."

அதற்குப்பிறகு பேச்சை நிறுத்தவில்லை. சிதம்பரம் விமானத்தில் வந்து, ஐந்து நிமிடம் கண்ணாடி வழியாகப் பார்த்து அழுதுவிட்டுப் போனான். பக்கத்துக் கட்டில்காரர் பரமக்குடி. கேன்டீன் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். வேலாயுதப்பெருமாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தான். "குடிக்கவே முடியாதவருக்கு ஹார்லிக்ஸ் கொண்டாந்திருக்கான் பாத்தியளா, உங்க எதிரி! அவனுக்கெல்லாம் பதவி குடுத்தா இப்படித்தான்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பதினான்கு மாதப் பேச்சு. பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

பிப்ரவரி 19, புதன்

நேற்று எழுதாமல் விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பெரிய டாக்டரும் இளமாறனும் கட்டிலருகே நின்றார்கள். இவ்வளவு ரத்தம் ஏன் என்று பெரியவருக்குப் புரியவில்லை. ஆவுடையிடம் கேட்டார், "அந்த ரோஸ் மாத்திரை கடைசியா என்னைக்கு எடுத்துக்கிட்டார்?"

"வியாழக்கிழமை காலையில டாக்டர். இங்கவச்சு நான்தான் குடுத்தேன்."

பெரியவர் இளமாறனைத் திரும்பிப் பார்த்தார். "நிறுத்தச் சொன்னதா ஃபைல்ல ஒரு வரிகூட இல்லையே?"

"சீட்டு எழுதிக் கொடுத்தேன் சார். இவர்கிட்ட." இளமாறன் என் பக்கம் குனிந்தார். "சார், கொடுத்தேன்ல?"

ஆவுடை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்கேருங்க, பேச வேண்டாம். தலையை மட்டும் ஆட்டுங்க. இந்தத் தம்பி உங்ககிட்டச் சீட்டு ஏதும் குடுத்தாங்களா?"

கழுத்து வீங்கியிருந்தது. எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "ஏன்யா, படிச்சவன்தான நீ? ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லக்கூடாதா? என் கையாலயே எடுத்துக் குடுக்க வச்சுட்டியே! இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போவேன்?"

வார்டே திரும்பிப் பார்த்தது. இளமாறன் ஃபைலை மறுபடி புரட்டினார்.

மருத்துவக் கவுன்சிலுக்கு ஒரு புகார் எழுதவேண்டும். ஃபைலில் குறிக்காதது குற்றம்தான். அதை யாரும் மறுக்க முடியாது.

பிப்ரவரி 21, வெள்ளி

ஸ்கேன். ஓட்டை மூடிக்கொண்டது. கழுத்தில் நொறுநொறுப்பு பாதி.

இளமாறன் தனியாக வந்தார். முகம் மழித்து இரண்டு நாள் இருக்கும். "சார், அன்னைக்கு ஓபில நாப்பது பேர். உங்க சீட்டை வேற யாருக்கும் மாத்திக் கொடுத்துட்டேனோன்னு தோணுது. முந்தின நாள் நான் கேட்டப்ப நீங்க தலையாட்டினதும் வேற மாத்திரையை நினைச்சோ என்னவோ. மன்னிச்சிருங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிறேன் என்று நினைத்துப் போய்விட்டார்.

பிப்ரவரி 26, புதன்

வீடு. வெட்டி எடுத்த துண்டின் முடிவு வந்தது. ஓரங்கள் சுத்தம். முழுவதும் வந்துவிட்டதாம். அவ்வளவு ரத்தத்துக்குள்ளும் பாதியில் விடாமல் உரித்து எடுத்திருக்கிறார் இளமாறன் என்று பெரியவர் சொன்னார்.

புகாரின் முதல் பக்கம் எழுதியாயிற்று. ஆவுடை வாசித்தாள். "நல்லா எழுதியிருக்கிய. நானும் கையெழுத்துப் போடுதேன்" என்றாள்.

பேசலாம் என்று அனுமதி உண்டு. "ம்" என்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

புகார் தபாலில் போயிற்று. குழைந்த சோறு, ரசம்.

மார்ச் 15, சனி

இட்லி நின்றது. நெஞ்சுக் குழியில் ஒரு கை பிடித்து நிறுத்தியதுபோல். கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. மூச்சு இருக்கிறது என்று மூளைக்குத் தெரிகிறது, உடம்பு நம்பவில்லை. ஆவுடை முதுகைத் தட்டிக்கொண்டே என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். திருமணத்துக்குப்பின் அவள் என் பெயரைச் சொன்னது இதுதான் முதல் தடவை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ஐந்து நிமிடம் கழித்து வெளியே வந்தது.

மார்ச் 19, புதன்

கஞ்சி மட்டும். அதையும் அவள் வடிகட்டித் தருகிறாள். படுத்தால் எச்சில் புரையேறுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குகிறேன். காபி கேட்டேன். ஆற்றி ஆற்றி, தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுத்தாள். கைக்குழந்தைக்குப் பால் பார்ப்பதுபோல்.

மார்ச் 21, வெள்ளி

அடுக்களையில் போனில் மகனிடம் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள்.

"டாக்டரை மட்டும் சொல்லி என்னடே செய்ய? நானும் பி.எஸ்ஸி. படிச்சவதான? ஆபரேசனுக்கு முன்னாடி எந்த மாத்திரையை நிறுத்தணும்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியலையே. பேச்சு வார்த்தை இருந்திருந்தா உங்க அப்பாகிட்டயாவது கேட்டிருப்பேன். வீம்புலே கிடந்தேன். அவங்க கழுத்தை நானே அறுத்திருக்கேன்."

இப்போதெல்லாம் மாத்திரை எடுத்து வைக்கக் கால்மணி நேரம் ஆகிறது அவளுக்கு. கண்ணாடி போட்டு, ஒவ்வொரு பட்டையிலும் பெயரை வாய்விட்டு வாசித்து, எடுத்ததைத் திரும்ப வைத்து, மறுபடி எடுத்து. மூடி கையில் ஆடுவதால் மாத்திரைகள் கிலுகிலுவென்று சத்தம் போடுகின்றன.

நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

தண்ணீரும் சிரமம். மதுரை.

வெட்டிய இடம் ஆறும்போது தழும்பு சுருங்கிக் குழாயை இறுக்கிவிட்டது. பலூன் வைத்து விரிக்கவேண்டும். ஒரு தடவை அல்ல, ஐந்தாறு தடவை. "பழைய ஓட்டை பக்கத்துலயே இருக்கு. அதனால ரொம்ப நிதானமாச் செய்யணும்" என்றார் பெரியவர். நிதானமாகச் செய்யாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"இளமாறன் சார்தான் செய்வாங்களா?" என்று ஆவுடை கேட்டாள், கோபத்தோடு.

"இல்லம்மா. உங்க புகார் வந்ததுல இருந்து அவர் வாய்க்குள்ள விடற ஸ்கோப்பைத் தொடக்கூடாதுன்னு நிர்வாகம் சொல்லிருச்சு. நான் செய்யறேன். உண்மையைச் சொன்னா, இதுல அவர் கைதான் நல்ல கை. எனக்கு இது எப்பவாவதுதான். 31-ம் தேதி வாங்க. அன்னைக்குத்தான் அவர் விசாரணையும். அவர் வேலையை விட்டுப் போறதா எழுதியே குடுத்துட்டார்."

ரோஸ் மாத்திரை 26 முதல் வேண்டாம். இந்தத் தடவை அவளிடமே நேராகச் சொன்னார். அவள் தாளைத் தேடவில்லை. பேனாவை வாங்கித் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

மார்ச் 26, புதன்

மூடியில் மூன்று. "இன்னைக்கி ரோஸ் கிடையாது" என்றாள். போகும்போது ஒரு தடவை, திரும்பி வந்து ஒரு தடவை.

மார்ச் 28, வெள்ளி

உள்ளங்கை எழுத்து பாத்திரம் தேய்ப்பதில் அழிந்துவிடுகிறது. தினமும் காலையில் அதன்மேலேயே மறுபடி எழுதுகிறாள்.

சீட்டைத் தேடி எடுத்தேன். பிப்ரவரி 3-ம் பக்கத்திலேயே இருக்கிறது. கிழித்துப் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டாக மடித்தேன். நான்காக மடித்தேன். மறுபடி விரித்து வைத்துவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

ஒன்றைச் சரியாக எழுதவேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தலையை இடமும் வலமுமாக ஆட்டினேன். எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது இதை எழுதுவது நியாயத்தினால் அல்ல. எப்பவாவது செய்கிற கை நாளை என் தொண்டைக்குள் போகப்போகிறது. பயத்தில் எழுதுகிறேன். ஆனால் மூடியின் அந்தக் கிலுகிலுச் சத்தமும் ஒரு காரணம்.

அவளிடம் சொல்லப் போனேன். புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "என்ன வேணும்?" என்றாள். "தண்ணி" என்றேன்.

மார்ச் 31, திங்கள்

மதுரை. ஸ்கோப் அறைக்கு வெளியே பெஞ்ச். எனக்குமுன் ஒரே ஒரு ஆள். பதினோரு மணிக்கு மாடியில் விசாரணை. இப்போது பத்து ஐந்து.

காலையிலிருந்து எச்சில் இறங்கவில்லை. டம்ளரில் துப்பிக்கொண்டிருக்கிறேன். ஆவுடை டம்ளரைப் பிடித்திருக்கிறாள்.

நர்ஸ் வந்தாள். "ரத்தம் இளக்குற மாத்திரை நிறுத்தியாச்சா?"

ஆவுடை உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "அஞ்சு நாளாச்சும்மா. நீங்களே பாத்துக்கோங்க." நர்ஸ் சிரித்துவிட்டுப் போனாள். இவள் சிரிக்கவில்லை.

"பயமா இருக்கா?" என்றாள் என்னிடம்.

"ம்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ரொம்பப் பயமா இருக்கு ஆவுடை. முதல்ல இருந்தே" என்று வந்துவிட்டது.

டம்ளரைக் கீழே வைத்தாள். "அதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன? நான் என்ன அடுத்த வீட்டுக்காரியா?" என்றாள். பிறகு, "இப்ப என்னத்தை எழுதுதிய? அதை மூடிவச்சுட்டு என் கையைப் பிடிங்க" என்றாள்.

மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். கண்ணாடியைக் கடைசியில் கொடுக்கவேண்டும். அது இருந்தால்தான் எழுத முடியும். என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். கண்ணாடியோடு இந்த நோட்டையும் கொடுக்கப்போகிறேன்.

ஆவுடை, இது நான் உனக்கு எழுதும் முதல் தாள். பிப்ரவரி மூன்றாம் தேதியிலிருந்து படி. அந்தப் பக்கத்தில் ஒரு சீட்டு இருக்கிறது. நீ குற்றம் ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பையனும் செய்யவில்லை. பதினோரு மணிக்கு மாடிக்குப் போய் அதைக் கொடு. நான் கண் விழிப்பதற்குள் கொடுத்துவிடு. விழித்தபிறகு என்னிடம் கேட்டால், திரும்ப வாங்கி ஒளித்து வைத்துக்கொள்வேன்.